பொய்லர் ஆவியில் கரண்ட் எடுக்கலாமா? மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசலும் கிடைக்கவில்லை. அதே வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. அன்றிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஸ்டோர்களுக்கு (தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு) பொய்லர், ட்ரையர் (தேயிலை உலர்த்தும் எந்திரம்) வேலையாகப் போகும்போதெல்லாம் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "விறகு எரிக்கிறோம், ஆவி இருக்கு, அதிலேயே கரண்ட் எடுத்தா என்ன?" தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர்கள், தோட்டத்துப் பொறியியலாளர்கள், பொய்லர்காரர்கள், சின்ன துரைமார் (உதவி முகாமையாளர்கள்) கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"கோஜெனரேஷன்னா என்னங்க? ஜெனரேட்டர் போடுறதுதானே?"

இல்லை. ஜெனரேட்டர் எரிபொருளை எரித்து மின்சாரம் மட்டும் தருகிறது. வரும் வெப்பத்தில் பெரும்பகுதி புகையிலும் ரேடியேட்டர் தண்ணீரிலும் வீணாகிறது. கோஜெனரேஷன், அதாவது இணை மின்னுற்பத்தியில், ஒரே விறகிலிருந்து முதலில் மின்சாரமும் பிறகு வெப்பமும் எடுக்கிறோம்.

பொய்லரில் ஆவி 7 அல்லது 10 பார் அழுத்தத்தில் இருக்கும். ட்ரையருக்குக் காற்றைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் நடுவில் ஒரு அழுத்தக் குறைப்பு வால்வைப் போட்டு 1 அல்லது 2 பாருக்கு இறக்குகிறோம். அந்த வால்வில் அழுத்தம் சும்மா கரைந்து போகிறது. வால்வு இருக்கும் இடத்தில் ஒரு சிறிய டர்பைனை வைத்து, அதைச் சுற்றிவிட்டு வரும் ஆவியை ட்ரையருக்கு அனுப்புவதுதான் இதன் சாரம். பழைய தோட்டங்களில் ஓடைத் தண்ணீர் விழுகிற இடத்தில் சக்கரம் வைத்து, கொழுந்தை உருட்டும் ரோலரை ஓட்டினார்களே, அதே வேலையை ஆவியில் செய்வது போலத்தான். இதற்குப் பின்னழுத்த டர்பைன் என்று பெயர்.

"ஆவியில இருந்து கரண்ட் எடுத்துட்டா ட்ரையருக்குச் சூடு குறையாதா?"

குறையும். கொஞ்சம்தான் குறையும், ஆனால் குறையவே குறையாது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். மின்சாரமாக வெளியே போன சக்தி ஆவியில் இருந்து போனதுதான்.

10 பாரில் உள்ள ஒரு கிலோ ஆவியில் சுமார் 2,780 கிலோஜூல் இருக்கிறது. சிறிய டர்பைன் அதில் எடுப்பது 150 கிலோஜூல் அளவுதான். மீதி ட்ரையருக்கே போகிறது. முன்பு கிடைத்த அதே சூடு வேண்டும் என்றால் ஆவியை 6, 7 சதவீதம் கூடுதலாக எடுக்க வேண்டும், விறகும் அந்த அளவுக்கு ஏறும். கணக்குப் போட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிவது அரைக் கிலோ விறகு அளவில் நிற்கும். விறகை எரித்து, ஆவியைக் குளிரவைத்து வீணாக்கி, மின்சாரம் மட்டும் எடுக்கும் சிறிய நிலையத்தில் அதே யூனிட்டுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் போகும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

"ஒரு டன் ஆவிக்கு எத்தனை கிலோவாட் வரும்? சுத்தமா சொல்லுங்க."

கேஜில் (அழுத்தமானியில்) 10 பாரில் இருந்து 1 பாருக்கு இறக்கினால், மணிக்கு ஒரு டன் ஆவிக்கு 35 முதல் 38 கிலோவாட். ஒற்றைப் படிநிலைச் சிறிய டர்பைனின் திறன் 50 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அதற்கும் கீழே 35, 40 சதவீதத்தில் ஓடுகிற டர்பைன்களும் உண்டு. ட்ரையருக்கு 4 பார் வேண்டும் என்றால் இதில் பாதிதான் வரும். அழுத்தம் எத்தனை மடங்கு இறங்குகிறது என்பதைப் பொறுத்ததுதான் மின்சாரம்.

நாளுக்கு 2,000 கிலோ தேயிலை செய்யும் ஸ்டோர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைக்கு முக்கால் யூனிட் என்றால் நாளுக்கு 1,500 யூனிட் வேண்டும். ட்ரையர் 12 மணிநேரம் ஓடினால் மணிக்கு 167 கிலோ தேயிலை, அதற்கு ஆவி 800, 900 கிலோ. கிடைப்பது 30 கிலோவாட், நாளுக்கு 360 யூனிட். மொத்தத் தேவையில் கால் பங்கு. மின்சார சபை இணைப்பை வெட்டிவிடலாம் என்ற நினைப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

"எங்க ஸ்டோர்ல பொய்லரே இல்ல. விறகு அடுப்பு, சூடான காத்து, அவ்வளவுதான். எங்களுக்கு?"

மலையகத்தில் நிறைய ஸ்டோர்கள் இப்படித்தான். அடுப்புக் குழாய்களைச் சுற்றிக் காற்று சூடாகி நேரே ட்ரையருக்குப் போகிறது. அங்கே ஆவியும் இல்லை, அழுத்தமும் இல்லை, இறக்குவதற்கு ஒன்றும் இல்லை.

மின்சாரத்துக்காக மட்டும் அடுப்பை எடுத்துவிட்டுப் பொய்லர், ரேடியேட்டர், குழாய் என்று முழுவதும் மாற்றுவது கட்டாது. ஆனால் அடுப்பு பழசாகி எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அப்போது இதைச் சேர்த்து யோசியுங்கள். டர்பைன் இன்றைக்கு வாங்காவிட்டாலும், 7 பாருக்குப் பதில் 10 அல்லது 16 பார் பொய்லர் வாங்கி, குறைப்பு வால்வுக்குப் பக்கத்தில் டர்பைனுக்கு இடமும் இரண்டு இணைப்புக் குழாயும் விட்டு வைக்கலாம். அந்த நேரத்தில் அதற்கு ஆகும் கூடுதல் செலவு சின்னது. பிறகு மாற்றுவதென்றால் பெரிது.

"பொய்லர் 7 பார். வால்வைக் கொஞ்சம் முறுக்கி 10 வச்சா போதாதா?"

கூடவே கூடாது. பொய்லரின் தகட்டில் எழுதியிருப்பது அந்தத் தகட்டின் தடிப்புக்கும் பற்றுவைப்புக்கும் போட்ட எல்லை. பாதுகாப்பு வால்வை முறுக்குவது அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதரின் உயிரோடு விளையாடுவது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி பொய்லரை அதிகாரம் பெற்றவர் பரிசோதித்து, அவர் அனுமதிக்கிற அழுத்தத்தில்தான் ஓட்ட வேண்டும். பழைய பொய்லருக்கு அவர் அழுத்தத்தைக் குறைத்து எழுதுவதுதான் வழக்கம்.

7 பாரிலும் டர்பைன் வைக்கலாம். 10 பாருக்குச் சொன்னதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

"பீக் நேரத்துலதான் பில் ஏறுது. அந்த நேரத்துக்கு இது ஓடுமா?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும். விற்க வருகிறவர் தானாக இதைச் சொல்லமாட்டார்.

தொழிற்சாலைக் கட்டணத்தில் பீக் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்த நேரத்தில் ஸ்டோரில் என்ன நடக்கிறது? கொழுந்து வந்து வாட்டுத் தொட்டிகளில் பரப்பியாகிவிட்டது. விசிறிகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. ட்ரையர் ஓடுவதில்லை. ரோலர் தொடங்குவது நள்ளிரவுக்குப் பிறகு, ட்ரையர் சூடேறுவது விடியற்காலையில். ஆகக் கரண்ட் விலை உச்சத்தில் இருக்கும்போது ஆவி தேவை அடிமட்டத்தில், ஆவி தேவை உச்சத்துக்கு வரும்போது கரண்ட் விலை இறங்கிவிடுகிறது. டர்பைன் ஆவியின் பின்னால்தான் ஓடும். பீக் நேரத்தில் ஓட்டவேண்டும் என்பதற்காகத் தேவையில்லாத ஆவியைக் கூரைக்கு மேல் விட்டால், முன்பு சொன்ன அரைக் கிலோ விறகுக் கணக்கு பல மடங்காகிவிடும்.

மழைக்காலம் மட்டும் வேறு. தென்மேல் பருவமழையில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் காற்றில் ஈரம் அப்பிக்கிடக்கும், கொழுந்து வாடாது, விசிறிக் காற்றைச் சில பாகை சூடாக்கித்தான் அனுப்ப வேண்டும். அந்த மாதங்களில் மாலையிலும் ஆவி ஓடும், டர்பைனும் ஓடும். அதே ஜூலை, ஓகஸ்டில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும். கொழுந்து தானாக வாடும், வாட்டுக்குச் சூடே வேண்டியிராது. அதனால் பதுளை ஸ்டோருக்கும் மஸ்கெலியா ஸ்டோருக்கும் ஒரே கணக்கைப் போடக்கூடாது.

ஒரு நன்மை மட்டும் எல்லாருக்கும் உண்டு. ரோலர், ட்ரையர் விசிறி, சலிப்பு எந்திரம் எல்லாம் ஒன்றாக ஓடும் காலை நேரத்தில்தான் உச்சக் கேள்வி, அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் லைனில் இருந்து இழுத்த ஆகக்கூடிய மின்சக்தி, பில்லில் கேவிஏ என்று தனியாகப் போடுவது, ஏறுகிறது. டர்பைன் அந்த நேரத்தில் ஓடுவதால் அதைக் குறைக்கும். ஆனால் மாதத்தில் ஒரு காலை டர்பைன் நின்று, எல்லா மோட்டர்களும் மின்சார சபைக் கரண்டில் ஓடினாலும் அந்த மாதத்து உச்சக் கேள்வி பழையபடி பதிவாகிவிடும்.

"கரண்ட் கட்டானா ஸ்டோர் ஓடுமில்ல?"

எந்த வகை ஜெனரேட்டர் என்பதைப் பொறுத்தது. சிறிய டர்பைன்களோடு மலிவாகத் தருவது தூண்டல் ஜெனரேட்டர். அது மின்சார சபை லைனில் இருந்து காந்தப்புலத்துக்கான மின்சாரத்தை எடுத்துத்தான் வேலை செய்யும். லைன் போனால் அதுவும் போகும். ஆவி எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. இன்னொரு விஷயம்: அது யூனிட்டைக் குறைக்கும், ஆனால் பவர் ஃபேக்டரை (இழுக்கும் கேவிஏயில் உண்மையில் வேலை செய்யும் பங்கை) கெடுக்கும். கெபாசிட்டர் போடாவிட்டால் முன்பு சொன்ன கேவிஏயில் எதிர்பார்த்த இறக்கம் வராது.

தனியாக ஓட வேண்டுமானால் காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கும் ஒத்தியங்கு ஜெனரேட்டரும், வேகத்தை நிலையாகப் பிடிக்கும் நல்ல கவர்னரும் வேண்டும். அப்போதும் 30 கிலோவாட் டர்பைனை வைத்துக்கொண்டு ஒரு ரோலரை நேரடியாகத் தொடங்க முயன்றால், மோட்டர் தொடக்கத்தில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், 50 ஹேர்ட்ஸ் அலைவெண் சரிந்து எல்லாம் நின்றுபோகும். ட்ரையர் விசிறி, பொய்லர் விசிறி, தண்ணீர் பம்ப், விளக்கு ஆகியவற்றை மட்டும் தனி லைனில் பிரித்து, அதை டர்பைன் தாங்கும்படி செய்யலாம். கரண்ட் போன நேரத்தில் ட்ரையருக்குள் இருக்கும் தேயிலை கெடாமல் காப்பாற்ற அது போதும். டீசல் ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம்.

லைன் போன உடனே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலே கட்டாயம். மழையில் கம்பத்தில் ஏறி லைன் திருத்துகிறவர், கீழே ஸ்டோரில் இருந்து கரண்ட் வரும் என்று எதிர்பார்த்து நிற்பதில்லை.

"நுவரெலியா உயரத்துல காத்து கம்மி. டர்பைன் சக்தியும் குறையுமா?"

குறையாது. டீசல் எஞ்சினுக்குத்தான் அந்தக் கஷ்டம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் சுமார் 1 சதவீதம் சக்தி இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். ஆவி டர்பைன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே அதற்கு இந்த இழப்பு இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் கேஜில் 1 பார் என்று காட்டும் ஆவி கொழும்பில் 120 பாகை இருந்தால் நுவரெலியாவில் 117 பாகைதான் இருக்கும். ரேடியேட்டர் அளவு பார்க்கும்போது இந்த மூன்று பாகையும் கணக்கில் வர வேண்டும்.

"ரேடியேட்டர் இருக்கிறதே போதுமில்ல?"

பல இடங்களில் போதாது. இப்போது 5 பார் ஆவி, அதாவது 159 பாகையில், ஓடும் ரேடியேட்டருக்கு 1 பார் ஆவியை விட்டால் 120 பாகைதான். ட்ரையருக்கு 95 முதல் 100 பாகைக் காற்று வேண்டும். வித்தியாசம் 60இல் இருந்து 20க்கு இறங்கும்போது அதே ரேடியேட்டரால் அந்தக் காற்றைத் தர முடியாது. கூடுதல் ரேடியேட்டர் வாங்க வேண்டும், அல்லது பின்னழுத்தத்தை ஏற்றிக் குறைந்த மின்சாரத்தோடு திருப்திப்பட வேண்டும். திட்ட அறிக்கையில் இந்தச் செலவு இல்லையென்றால் அந்த அறிக்கை முழுமையானதல்ல.

"டீல எண்ணெய் வாசம், புகை வாசம் ஏறிடுமா?"

டீமேக்கர்கள் கேட்பது இது, கேட்க வேண்டியதும் கூட. ஆவி தேயிலையைத் தொடுவதில்லை. ரேடியேட்டர் குழாய்க்குள் ஓடுகிறது, காற்று வெளியே சூடாகிறது. புகை வாசம் வருவது விறகு அடுப்பின் குழாய் வெடிக்கும்போதுதான். ஆவி ரேடியேட்டரில் அந்த ஆபத்து குறைவு.

எண்ணெய்க் கவலை டர்பைனில் சின்னது. பிஸ்டன் வைத்த ஆவி எஞ்சினில்தான் பெரிது, ஏனென்றால் சிலிண்டருக்குப் போடும் எண்ணெய் ஆவியோடு கலந்து திரும்பும் தண்ணீரில் வந்து பொய்லர் குழாயில் படியும். அங்கே நல்ல வடிகட்டி இல்லாமல் அந்தத் தண்ணீரைத் திருப்பக்கூடாது.

"கேஸிஃபயர், ஸ்குரூ எஞ்சின்னு வேற வழியும் சொல்றாங்களே?"

ஸ்குரூ வகையில் ஆவி திருகு வடிவ உருளைகளைச் சுற்றும். அது ஈர ஆவியைத் தாங்கும், ஆவி கூடிக் குறையும்போதும் டர்பைனைவிட நன்றாக ஓடும். விலை அதிகம். கேஸிஃபயர் விறகிலிருந்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டுவது. மின்சாரப் பங்கு அதிகம், ஆனால் தார் படியும், கழுவிய கறுப்புத் தண்ணீரைக் கீழே ஓடைக்கு விடக்கூடாது. ஓடைக்குக் கீழே லயங்களும் (தொழிலாளர் குடியிருப்புகளும்) குடிநீர்த் தொட்டிகளும் இருக்கிற இடத்தில் இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கிப் பெல்வத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகளைப் பாருங்கள். கரும்புச் சக்கையை எரித்து, ஆவியில் டர்பைன் ஓட்டி, அதே ஆவியில் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். அங்கே மணிக்கு ஓடும் ஆவி நம் ஸ்டோர்களைவிட மிக மிக அதிகம். அதனால்தான் கட்டுகிறது.

"விறகுக்கு எங்க போறது? இன்னும் மரம் வெட்டணுமா?"

6, 7 சதவீதம் கூடுதல் விறகு என்று மேலே சொன்னேன். அந்த அளவை ஒரு மரம்கூட வெட்டாமல் மிச்சப்படுத்த முடியும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர், ஒரு கிலோவுக்கு 8 மெகாஜூல் கிடைத்தால் அதிகம். கூரைக்குக் கீழே பிளந்து அடுக்கி நாலில் ஒரு பங்கு ஈரத்துக்குக் காயவைத்தால் 13 வரை போகும். எத்தனையோ ஸ்டோர்களில் விறகு முற்றத்தில் மழையில் நனைந்து, பாசி பிடித்து, அப்படியே அடுப்புக்குப் போவதைப் பார்க்கிறேன். மனசு பதறுகிறது.

ஆவி ஒழுகலும் அப்படித்தான். 7 பார் லைனில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று இருந்தால் மணிக்கு 25 முதல் 30 கிலோ ஆவி போகும். ஆவி குளிர்ந்து திரும்பும் தண்ணீரை வடிகானில் விடாமல் பொய்லருக்குத் திருப்பினால், ஊட்டுநீர் ஒவ்வொரு 6 பாகை சூடேறும்போதும் 1 சதவீத விறகு மிஞ்சும். இவற்றைச் செய்யாமல் டர்பைன் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒழுகுகிற ஆவிக்கும் சேர்த்துப் பெரிய டர்பைன் வாங்கிவிட்டு, பிறகு ஒழுகலை அடைத்தால் டர்பைன் பாதிச் சுமையில் திணறும்.

நடுவதென்றால், மத்திய உயரம் வரை கிளிரிசிடியா நன்றாக வரும். உயரம் கூடினால் யூக்கலிப்டஸ்தான் கைகொடுக்கும்.

"மிச்சக் கரண்டை மின்சார சபைக்கு விக்கலாமா? லயத்துக்குக் குடுக்கலாமா?"

விற்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது. மேலே பார்த்த கால் பங்குக் கணக்கில் ட்ரையர் ஓடும்போது ஸ்டோரே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். லைனோடு இணைத்து ஓட்டுவதற்கே மின்சார சபையின் பகுதிப் பொறியியலாளரிடம் முதலில் பேசி அனுமதி எடுக்க வேண்டும்.

லயங்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் நல்ல மனதோடு கேட்கிறார்கள். ஆனால் மற்றவருக்கு மின்சாரம் வழங்குவதற்குச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதோடு லயத்துக்குக் கரண்ட் வேண்டியது மாலையில். அந்த நேரத்தில் டர்பைன் பெரும்பாலும் நின்றிருக்கும். கொழுந்து இல்லாத நாளில் ஓடவே ஓடாது. லயங்களுக்கு மின்சார சபையின் முறையான தனி இணைப்புதான் சரி, அது அவர்களுடைய உரிமையும் கூட.

"அப்போ மினி ஹைட்ரோவோ சோலாரோ நல்லதா?"

தோட்டத்துக்குள் வருடம் முழுக்க ஓடும் ஓடையும் நல்ல இறக்கமும் இருந்தால் மினி ஹைட்ரோவை முதலில் பாருங்கள். அது பீக் நேரத்திலும் ஓடும். பழைய தண்ணீர்ச் சக்கரத்தின் கால்வாயும் தொட்டியும் புதர் மூடிக் கிடந்தால் அதையே திருத்தி எடுக்கலாமா என்று ஆராயலாம். கூரை சோலார் பகலுக்குப் பரவாயில்லை. இரண்டுக்கும் வாய்ப்பில்லாத, ஆனால் பொய்லர் ஏற்கெனவே 10 பாரில் நாள் முழுக்க ஓடுகிற ஸ்டோருக்குத்தான் ஆவி டர்பைன் முதல் தெரிவு. இரவிலும் ஆவி தேவைப்படும் பால் தொழிற்சாலை, பெரிய சலவைக்கூடம் போன்ற இடங்களுக்கு இது தேயிலையைவிட நன்றாகப் பொருந்தும்.

"பொய்லர்காரருக்கு வேலை கூடுமா?"

கூடும். அழுத்தத்தை ஆட விடாமல் பிடிக்க வேண்டும், பொய்லர் தண்ணீர் ஆவியோடு பொங்கி வராமல் பார்க்க வேண்டும். தண்ணீர்த் துளி டர்பைன் தகட்டில் அடித்தால் அரித்துவிடும். மலை ஓடைத் தண்ணீர் மென்நீர் என்பதால் சுத்திகரிப்பு வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உப்புப் படிவு குறைவுதான், ஆனால் கரைந்த ஒக்சிசன் குழாயைத் தின்னும். வேலை கூடுகிறது, பொறுப்பும் கூடுகிறது, ஆகவே சம்பளமும் கூட வேண்டும். இதைத் திட்டச் செலவிலேயே எழுதி வையுங்கள்.

"ஒரு கம்பனி 100 கிலோவாட் வரும்னு எழுதிக் குடுத்திருக்கு. நம்பலாமா?"

அந்த 100 எந்த ஆவி அளவுக்கு, எந்த இரண்டு அழுத்தங்களுக்கு நடுவில், பாதிச் சுமையில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன டன்னுக்கு 35, 38 கணக்கோடு வைத்துப் பாருங்கள். 100 வர மணிக்கு இரண்டே முக்கால் டன் ஆவி வேண்டும். ஆவி பாதியானால் மின்சாரம் பாதியைவிட நன்றாகக் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதில் வருவதற்குள் உங்கள் பக்கத்து எண்களை எடுத்து வையுங்கள். பொய்லர் ஊட்டுநீர் லைனில் ஒரு மீற்றர் போட்டு, மணிக்கொருமுறை வாசிப்பை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஆவி அழுத்தம், மின்மானி வாசிப்பு, அன்றைய கொழுந்து. கொழுந்து குவியும் ஏப்ரல், மே மாதத்தில் ஒரு வாரம், வறட்சி மாதத்தில் ஒரு வாரம், அடைமழையில் ஒரு வாரம் என்று எடுத்தால் போதும். டர்பைனின் அளவை அந்தக் கொப்பியில் அதிக மணிநேரம் ஓடுகிற ஆவிக்குப் பாருங்கள். உச்சத்துக்குப் பார்க்க வேண்டாம். உச்சத்தில் மிஞ்சும் ஆவிக்குப் பழைய குறைப்பு வால்வு பக்கத்திலேயே இருக்கட்டும், அதைக் கழற்றி எறிய யாரையும் விடாதீர்கள்.